ஒரே சுவரில் ஓலைப்பெட்டியும் ஓவியமும்: கடற்கரைக் கிராமத்தில் கோடைக் கண்காட்சி நடத்திய அனுபவம்

கடற்கரை ஊரில் கண்காட்சி நடத்த நினைப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது நாள்காட்டி. இடம், காசு, ஓவியம் எல்லாம் அப்புறம். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், ஊரில் ஆள் இருக்கும், பேச நேரம் இருக்கும். பள்ளிக்கூடம் லீவு. வெளியூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்களில் பலர் லீவு போட்டு வந்திருப்பார்கள். கரையேற்றிய படகுகளுக்குப் பழுது பார்த்து வர்ணம் அடிக்கிற காலமும் இதுதான், அதாவது ஊரே கையில் பிரஷ்ஷோடு இருக்கிற மாதம். அதனால் மே மாதத்தை விட்டால் வேறு நல்ல மாதம் கிடையாது, கத்திரி வெயிலையும் சேர்த்துச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. கருவாடு சேமிக்கிற பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது, அதைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து, ஊர்ப் பிள்ளைகளும் நானுமாகக் கலைக்கூடமாக மாற்றினோம். நான் ஓவிய ஆசிரியர். இந்தக் கோடையில் அதில் பழைய கலையையும் இன்றைய கலையையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தோம். பனை ஓலைப் பெட்டிகள், சுளகு, பாய், விசிறி, மண் வேலை செய்கிற வேளார் செய்த சுடுமண் குதிரை, படகுக்கு வர்ணம் அடிப்பவரின் பலகைகள் ஒரு பக்கம். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் ஓவியங்கள், வலையில் செய்த ஒரு பெரிய வேலை இன்னொரு பக்கம். ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று எழுதுகிறேனே தவிர, கூடத்துக்குள் அப்படிப் பிரிக்கவே இல்லை. எல்லாம் கலந்துதான் வைத்தோம். அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நகரத்தில் நடந்த கண்காட்சிக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் முடைந்த பெட்டிகளைக் கொடுத்தனுப்பினோம். போய்ப் பார்த்தால் ஓவியங்களுக்குக் கீழே வரைந்தவர் பெயர், வருடம், எந்த வர்ணம், எவ்வளவு நீள அகலம் என்று அட்டை அழகாக இருந்தது. பெட்டிகளுக்கு மொத்தமாக ஒரே அட்டை: 'பனை ஓலைக் கைவினைப் பொருட்கள், ராமநாதபுரம் மாவட்டம்'. என்னோடு வந்திருந்த ஒரு அப்பத்தா, எழுத்துக் கூட்டி அதை வாசித்துவிட்டு, "மாவட்டமாப்பா முடைஞ்சது?" என்று கேட்டார். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஒரு பெட்டிக்குக் குருத்தோலை தேர்ந்தெடுத்து, ஈர்க்கு நீக்கி, நகத்தால் ஒரே அளவாகக் கிழித்து, காயவைத்து, சாயத்தில் போட்டு எடுத்து, மறுபடி நிழலில் உலர்த்தி, அதற்கப்புறம்தான் முடையவே உட்கார வேண்டும். இவ்வளவும் செய்த ஒரு ஆளுக்குப் பெயர் இல்லையா?

ஆகவே எங்கள் கூடத்தில் முதல் விதியாக இதை வைத்தோம்: எல்லா வேலைக்கும் ஒரே அளவு அட்டை, ஒரே எழுத்து, முதல் வரியில் செய்தவர் பெயர். அடுத்து ஊர், யாரிடம் கற்றுக்கொண்டார், என்ன பொருளில் செய்தது, செய்த வருடம், விலை. கல்லூரியில் படித்தவருக்கும் இதேதான், அம்மாவிடம் படித்தவருக்கும் இதேதான். கேட்கும்போது சுலபமாகத் தெரியும், செய்யும்போது நேரம் பிடிக்கும். சில பெண்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள், சிலர் வீட்டுக்காரர் பெயரைப் போடச் சொன்னார்கள். நாங்கள் யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் பக்கத்துக் கூடையில் இன்னொருத்தி பெயரைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்றவர்களே வந்து, "சரி, எம் பேரையும் போட்டுருங்க தம்பி" என்று சொன்னார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை தன் பெயரைப் போட ஒத்துக்கொள்ளவில்லை, அந்தக் கட்டம் போட்ட பின்னல் இறந்துபோன தன் அம்மா கற்பனையில் வந்தது, அதனால் அம்மா பெயர்தான் போட வேண்டும் என்றார். போட்டோம். கீழே, 'மகள் முடைந்தது' என்று ஒரு வரி. நீங்கள் இப்படி நடத்துவதாக இருந்தால் அட்டைக்கான தகவலை ஒரு மாதம் முன்பே வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேளுங்கள், போனில் கேட்டால் ஒன்றும் வராது. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். கிராமத்தில் கண்ணாடி போட வேண்டிய பலர் கண்ணாடி போடுவதில்லை.

இந்தப் பெயர் விஷயம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று கண்காட்சிக்கு முன்னால் அவர்களை ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப்போனேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. போர்க்களம், ராமாயணம், வெளிநாட்டு வணிகர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்பது, அரசியாகவே அம்மன் உட்கார்ந்து செங்கோல் கொடுப்பது எல்லாம் அங்கே உண்டு. நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைப் பார்க்காதவர்கள் ஏராளம், தயவுசெய்து போய்ப் பாருங்கள். ராமாயணக் காட்சிகளுக்குத் தமிழில் விளக்க வரிகூட எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன் நேராகக் கேட்டான்: "சார், ராஜா பேரு தெரியுது, சாமி பேரு தெரியுது, வரைஞ்சவரு பேரு எங்க?" நான் பதில் சொல்லவில்லை. அட்டை எழுதுகிற வேலையை அவனிடமே கொடுத்துவிட்டேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் முடித்தான்.

இனி உப்புக் காற்று. உள்நாட்டில் கூடம் நடத்துபவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே உதவாது. சாதாரண இரும்பு ஆணி அடித்தால் சீக்கிரமே துரு வழிந்து சுண்ணாம்புச் சுவரில் கோடு விழும், அது காகிதத்தில் பட்டால் ஓவியம் போச்சு. பித்தளை அல்லது எவர்சில்வர் கொக்கிதான் போட வேண்டும். செலவு கூடத்தான், வேறு வழியில்லை. சாயங்காலம் கடல்காற்று திரும்பியதும் சுவர் ஈரம் பிடிக்கும், உப்பு ஊறிய சுவர் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் சட்டத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் சின்னக் கட்டையோ ரப்பரோ ஒட்டி, சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று போக இடம் விட்டோம். நீர்வண்ண ஓவியங்கள் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் ஓவியத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டை இருக்க வேண்டும், தொட்டால் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். அமிலம் இல்லாத அட்டையாகப் பார்த்து வாங்குங்கள், மலிவு அட்டை மஞ்சள் பூத்து ஓவியத்தையும் கெடுக்கும். ஓலைப் பொருட்களுக்கு நேர்வெயில் ஆகாது, சாயம் வெளுக்கும், ஓலை முறியும், அதேசமயம் அடைத்து வைத்தாலும் கரும்புள்ளி விழும். நிழலும் காற்றும் இரண்டும் வேண்டும். ராத்திரி மூடும்போது கூடைகளைக் கவிழ்த்து, மெல்லிய வேட்டித் துணி போட்டு வைத்தோம்.

கச்சான் காற்றை மறந்துவிடாதீர்கள். மேற்கே இருந்து மணலை அள்ளிக்கொண்டு வரும். மேற்குப் பக்க ஜன்னல்களை மத்தியானம் மூடிவிட்டு, கிழக்கே கடல் பக்கம் மட்டும் திறந்தோம். நேரமும் அதற்கேற்ற மாதிரிதான்: காலையில் வெயில் ஏறும்வரை கொஞ்ச நேரம், அப்புறம் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. கூட்டம் எல்லாம் ராத்திரிதான், சமையல் முடித்துவிட்டுப் பெண்கள் சேர்ந்து வருவார்கள். அதனால் விளக்கில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். மஞ்சள் கலந்த எல்.ஈ.டி. விளக்கு ஓலைக்கும் மண்ணுக்கும் நன்றாக இருக்கும், வெள்ளை டியூப்லைட் வெளிச்சத்தில் சுடுமண் செத்த நிறமாகத் தெரியும். கரண்ட் போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டர் கட்டாயம்.

ஓலைப்பெட்டியை எப்படி வைப்பது என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது முன்னே சொன்ன அதே அப்பத்தாதான். மேசைமேல் வரிசையாக வைத்து, மேலிருந்து வெளிச்சம் விழும்படி செய்திருந்தோம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் வந்து ஒரு பெட்டியைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பி, "அடியக் காட்டாம என்னத்தக் காட்டுறீக? அடியிலதானப்பா எல்லாம் இருக்கு" என்றார். முடைய ஆரம்பிக்கிற இடம் அடிப்பாகம். அங்கே ஓலைகள் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டிப் போகிற நெருக்கம் சரியாக இருந்தால்தான் நாலு மூலையும் ஒரே மாதிரி எழும்பும், தானியம் சிந்தாது. மூலையில் ஓலை மடங்கித் திரும்புகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். அந்த மடிப்பில் ஒரு விரிசல்கூட இல்லை. இந்த மடிப்பு சரியாக வரத்தான் முடைகிறபோது ஓலையில் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பதமாக வைத்திருப்பார்களாம். சரி, பெட்டியையெல்லாம் கவிழ்த்து வைத்தால் வாய் தெரியாதே என்று நாங்கள் யோசிக்க, அவரே, முகம் பார்க்கிற கண்ணாடியைப் பெட்டிக்குக் கீழே போடச் சொன்னார். மரக்கட்டை வைத்து உயர்த்தி, கீழே கண்ணாடி. கண்காட்சியிலேயே அதிக நேரம் ஆட்கள் நின்றது அந்த மேசையில்தான். காசு கொடுத்து நிபுணரை வைத்தாலும் இந்த யோசனை கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். செய்தவரைக் கூடத்துக்குள் கூட்டி வந்து, அவர் வேலையை எப்படி வைக்கலாம் என்று கேளுங்கள், இதைவிடப் பெரிய பாடம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

படகு வர்ணக்காரரைச் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தடைக்காலத்தில் அவருக்கு வேலை ஓயாது. படகுப் பெயர், பதிவு எண், படகின் முன்முனையான முன்னணியத்தில் பூ, மீன், பிறை, சிலுவை, வேல் என்று எந்த வீட்டுப் படகோ அதற்கேற்றபடி வரைவார். கேன்வாஸ் கொடுத்துப் பார்த்தோம், பிடிக்கவில்லை. "அண்ணே, துணி ஆடுது, பலக குடுங்க" என்றார். பழைய வத்தைப் படகின் பலகைகளைக் கொடுத்தோம். ஆசாரி கைப்பட்டு வளைந்த பலகை அது. நீளமான பிரஷ்ஷை எடுத்து, கையை அசைக்காமல் உடம்பையே இடமிருந்து வலமாக நகர்த்தி, ஒரே மூச்சில் ஒரு கோடு இழுத்தார் பாருங்கள், கவின்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் வாய் பேசாமல் நின்றார்கள். நம் பக்கத்து அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பானை ஓட்டுச் சில் ஒன்றில் கப்பல் உருவம் கீறியிருக்கிறது, ரோமாபுரியோடு வாணிபம் நடந்த காலத்துத் துறைமுகம் அது. படகை வரைகிற கை இந்தக் கரைக்கு அவ்வளவு பழசு. அவருடைய பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் வரைந்த உருவமில்லாத பெரிய ஓவியத்தை மாட்டினோம், பச்சையும் சாம்பலும் பட்டை பட்டையாக. இது ஊருக்குப் புரியுமா என்று அந்தப் பெண்ணுக்கே பயம். மீனவர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர், "இது கலங்கல் தண்ணி, கீழ பாசி கெடக்கு, நண்டு வலை விடலாம்" என்றார். இன்னொருவர் இல்லையில்லை, அந்தச் சாம்பல் பட்டை சேறு என்றார். அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடலின் நிறத்தைப் பார்த்தே பிழைக்கிறவர்கள் அவர்கள், நிறத்தை மட்டும் வைத்த ஓவியத்தை அவர்களைவிட நன்றாக யார் பார்க்க முடியும்? நவீன ஓவியம் கிராமத்துக்குப் புரியாது என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வலை வேலையில்தான் ஒரு சங்கடம் வந்தது. கடலில் கைவிடப்பட்டுக் கரை ஒதுங்கிய நைலான் வலைகளைச் சேர்த்து ஒரு இளைஞர் செய்தது. தரையில் விரித்து, வருகிறவர்கள் அதன்மேல் நடந்து போக வேண்டும் என்பது அவர் திட்டம், ஆமையும் கடல்பசுவும் சிக்கிச் சாவதை உணர்த்த. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பார்க்க வந்த ஒரு பெரியவர், வலையை மிதிக்கக் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். செருப்புக் காலோ வெறுங்காலோ, சோறு போடுகிற வலையைத் தாண்டக்கூட மாட்டார்கள். இளைஞருக்கு முதலில் வருத்தம். அப்புறம் அவரும் பெரியவரும் உட்கார்ந்து பேசி, கூரையிலிருந்து தொங்கவிடுவதாக முடிவு செய்தார்கள், அந்தப் பெரியவரே முடிச்சுப் போட்டுக் கட்டினார். தலைக்கு மேல் வலை, சுவரெல்லாம் அதன் நிழல், குனிந்து போக வேண்டியிருந்தது. திட்டமிட்டதைவிட அதுதான் ஆளை உலுக்கியது.

இன்னொரு எச்சரிக்கை, இது எல்லாக் கடற்கரைக்காரர்களுக்கும். கரையில் கிடக்கிறதே என்று பவளப்பாறைத் துண்டுகளை எடுத்துக் கலைப்பொருள் செய்யாதீர்கள். 2001 முதல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. செத்ததை வைத்திருந்தாலும் குற்றம்தான். சில சங்கு, சிப்பி வகைகளும், கடல் அட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு. தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரில் பவளக்கல் இருக்கிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். அது அந்தக் காலம், இன்று வழக்கு வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்துப் பாதுகாப்பது அந்தப் பாறைகளுக்காகவும்தான், மீன் குஞ்சு பொரித்து வளர்கிற இடம் அது. அந்த மாணவி கடைசியில் கரை ஒதுங்கிய கண்ணாடித் துண்டுகளையும் ஓட்டை மிதவைகளையும் வைத்துச் செய்தாள், நன்றாகவே வந்தது.

விலை. இதில் உறுதியாக இருங்கள். ஒரு நல்ல பெட்டிக்கு ஓலைப் பதப்படுத்தலோடு சேர்த்து இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நூறு நாள் வேலைக்கே 2025-26இல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் வியாபாரி கொடுக்கிற விலை எவ்வளவு அநியாயம் என்று தெரியும். நாங்கள் சந்தை விலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாள் கூலி, ஓலை, சாயம் எல்லாம் கூட்டி, அதற்கு மேல் கைத்திறனுக்கு ஒரு தொகை வைத்து விலை எழுதினோம். வாங்குவார்களா என்று முடைந்தவர்களே பயந்தார்கள். வாங்கினார்கள். பெயர் போட்ட அட்டையையும் கூடவே கேட்டு வாங்கிப் போனார்கள். பேரம் பேசியவர்களிடம், பக்கத்தில் இருக்கிற ஓவியத்துக்குப் பேரம் பேசினீர்களா என்று மட்டும் கேட்டோம். பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நகரத்துக் கூடங்களில் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். நாங்கள் விளக்குச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு எடுத்தோம், எல்லாரிடமும் ஒரே கணக்கு. பணத்தை விற்ற அன்றே கொடுத்துவிடுங்கள், 'முடிந்ததும் பார்க்கலாம்' என்பது நம்பிக்கையைக் கெடுக்கும். அப்படியே, கைவினைஞர் அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைத் துறை கொடுக்கிற அட்டை அது, அரசு கண்காட்சிகளில் கடை போடவும் கடன் உதவிக்கும் பயன்படும். கூட்டம் வந்திருக்கும்போதே ஒரு மேசை போட்டு இதைச் செய்துவிடலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வரும்படி மாட்டுவது பொதுவான வழக்கம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பிள்ளைகள், மீதியில் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்து பார்ப்பவர்கள், அதனால் நாலரை அடிக்கு இறக்கினோம். யாரும் சொல்லாமலே எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள், ஆகவே தரையை அடிக்கடி கூட்டுங்கள், மணல் ஏறிக்கொண்டே இருக்கும். குடிக்க மோரும் பானைத் தண்ணீரும் வையுங்கள். திறப்பு விழாவுக்கு மேடை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். நாங்கள் செய்தவர்களையே ஒவ்வொருவராக அவரவர் வேலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஊர்க்காரர்களைச் சுற்றி வரச் சொன்னோம், அவ்வளவுதான்.

சுடுமண் குதிரை பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் திட்டமிடுவதில் அதற்குத்தான் நாள் அதிகம் வேண்டும். ராஜசிங்கமங்கலம் பக்கத்து வேளார் ஒருவர் செய்தது, அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை கொண்டுபோகிற புரவி எடுப்புக்குச் செய்கிற அதே முறையில், மண்ணோடு உமியும் மணலும் கலந்து மிதித்து, கால்களைத் தனியாக, உடம்பைத் தனியாக எழுப்பி இணைத்தது. உள்ளே கூடு, சூளையில் ஆவி வெளியேற அங்கங்கே துளை. கடலோர மண்ணும் உப்புத் தண்ணீரும் இதற்கு ஆகாது, சுட்ட பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். கண்மாய் மண்ணும் நல்ல தண்ணீரும்தான் வேண்டும். கண்மாய் வற்றிக் கிடக்கும் கோடையில்தான் மண் எடுக்க முடியும், அதற்கு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் காயவைத்துச் சுட்டு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தை, மாசி வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே வரும் மே மாதத்துக்குக் குதிரை வேண்டுமென்றால் இந்த ஜூனிலேயே வேளாரிடம் சொல்லி, முன்பணம் கொடுத்து, மண் அனுமதிக்கு மனு எழுதிவிட வேண்டும். நாங்கள் இந்த முறை இரண்டு குதிரைக்குச் சொல்லியிருக்கிறோம், ஒன்றை அவருடைய மகள் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.